எண்ணூர் நெரிசலில் பதினோராம் பிரிவு

நான்கு பல்கலைக்கழகங்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் உயர்கல்விக் கொள்கையைப் பற்றித்தான் பேசும் என்று நினைப்பவர்கள் நல்ல மனிதர்கள். அவர்களுக்கு விவரம் போதாது, அவ்வளவுதான். முதல் இரண்டு கூட்டங்கள், அரசுக்கு அனுப்பும் கூட்டுப் பரிந்துரையின் முகப்பில் யார் பெயர் முதலில் வருவது என்பதிலேயே போயின. மூத்த பல்கலைக்கழகம் தன் வயதைச் சொன்னது. மகளிர் பல்கலைக்கழகம் அகர வரிசையைச் சொன்னது. நேற்று முளைத்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தன் பெயர் கடைசியில் வராமல் இருந்தால் எந்த வரிசையானாலும் சம்மதம் என்றது. எண்ணூரில் இருக்கும் கடலோரப் பல்கலைக்கழகம், கூட்டத்தைக் கூட்டியதே தாங்கள்தான் என்பதை அடிக்கடி நினைவூட்டியது. மூன்றாவது கூட்டத்தில், குறிப்பெடுக்க வந்திருந்த தஸ்னீம், நான்கு சின்னங்களையும் வட்டமாக அச்சடித்த ஒரு தாளைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தாள். வட்டத்துக்கு ஏது முதலும் கடைசியும்? எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். அதை யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

தஸ்னீம் கடலோரப் பல்கலைக்கழகத்தின் தபால் பிரிவில் உதவியாளர். வருகிற உறைகளை வாங்கி, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, உரிய மேசைக்கு அனுப்புவது அவள் வேலை. தமிழ்த் தட்டச்சில் அவளை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை என்பதால், பதிவாளர் நெல்சன் அவளைக் கூட்டுக் குழுவுக்குக் குறிப்பெடுக்கப் போட்டார். போடும்போதே ஒரு நிபந்தனையும் சொன்னார்: "நீ எழுதலாம்மா. பேசக் கூடாது." பதினான்கு மாதம், எட்டுக் கூட்டம், அவள் பேசவில்லை. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் பதினான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பது லேசுப்பட்ட காரியமா?

பரிந்துரையில் மொத்தம் இருபது பிரிவுகள். பத்தொன்பது முடிந்துவிட்டன. பதினோராம் பிரிவு மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. விஷயம் என்னவோ எளிதுதான். ஒரு பல்கலைக்கழகத்தில் சில செமஸ்டர்களைப் படித்துத் தேறி, குடும்பச் சூழலால் நின்றுபோன ஒருவர், இன்னொரு பல்கலைக்கழகத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரலாமா? தொடரலாம் என்றால் எத்தனை ஆண்டுக்குள்? மூத்த பல்கலைக்கழகத்தின் சார்பில் வந்த வேதியியல் பேராசிரியர் கிருஷ்ணப்பன், "வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு நாங்கள் மறுபடி தேர்வு வைப்போம். ஐந்து ஆண்டுக்கு மேலான படிப்பைத் தொடவே மாட்டோம்" என்றார். "அப்படியானால் உங்கள் மாணவர்களுக்கும் எங்களிடம் அதே கதிதான்" என்றார் நெல்சன். மூன்றாவது கூட்டத்திலிருந்து எட்டாவது வரை இதே வசனம். நான்காவதிலிருந்து தஸ்னீம் இந்தப் பிரிவுக்குப் பழைய குறிப்பை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தாள்.

மற்றவர்களுக்கு அது அலுப்பு. தஸ்னீமுக்கு அது சொந்தக் கதை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால், கிருஷ்ணப்பனின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு கல்லூரியில் அவள் பி.எஸ்சி. வேதியியல் நான்கு செமஸ்டர் முடித்தாள், நான்கிலும் முதல் வகுப்பில். பிறகு கல்யாணம், கையில் மகள் ரூஹி, வேலை, எர்ணாவூருக்குக் குடிமாற்றம். மூன்றாம் ஆண்டு அப்படியே நின்றது. வேலை செய்கிற இடத்திலேயே தொடரலாமா என்று கேட்டபோது, முதலாம் ஆண்டிலிருந்து படி என்றார்கள். ஊழியர்கள் மாலை வகுப்புக்குப் போக ஓராண்டுக்குத்தான் அனுமதி உண்டு; அவளுக்குக் கிடைத்தது வருகிற ஜூனில் தொடங்கும் ஆண்டு. ஓராண்டில் மூன்றாம் ஆண்டைப் படிக்கலாம். மூன்று ஆண்டுகளையும் எப்படிப் படிப்பது?

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ரூஹிக்கு இந்தச் சிக்கல் எல்லாம் புரியாது. "நான் வருசா வருசம் பாஸ் ஆவுறேன். நீ மட்டும் இன்னாம்மா ரெண்டாம் வருசத்துலயே நின்னுகினு கீற?" என்று கேட்பாள். தஸ்னீம் சிரித்து மழுப்பிவிடுவாள். ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்தப் பழைய மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் அது வெளியே எடுக்கப்படாமலே வீடு திரும்பியது.

ஒன்பதாவது கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் நான்கு கையெழுத்துகளோடு பரிந்துரை அரசின் இணையதளத்தில் ஏறியாக வேண்டும். "கருத்தொற்றுமை ஏற்படாத பிரிவுகளை நீக்கிவிட்டு அனுப்பவும்" என்று உயர்கல்வித் துறையிலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்துக்கு எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றியதும் தஸ்னீம்தான். அன்றைக்கு அவள் கையெழுத்து பதிவேட்டில் கொஞ்சம் கோணலாக இருந்தது.

ராயபுரம் ரயில் நிலைய வாசலில் மூன்று பேரையும் வேனில் ஏற்றிக்கொள்வது அவள் பொறுப்பு. கிருஷ்ணப்பன் தன் தண்ணீர் பாட்டிலோடும் சிவப்புப் பேனாவோடும் ஏறினார். அவர் ஹோட்டல் விலைப்பட்டியலில்கூடக் காற்புள்ளி திருத்துகிற ஆள். மகளிர் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் ஜூடி, எப்போதும் சிரித்த முகம், சிரித்துக்கொண்டே வெட்டுகிற பேச்சு. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து நிலவன். மூவரிலும் இளையவர், யார் பேசினாலும் தலையாட்டுவார்.

"உள்ரோடா, கடலோரமா?" என்று கேட்டார் ஓட்டுநர் ஜெரால்ட்.

"உள்ரோட்ல குழாய் பொதைக்கத் தோண்டிப் போட்டுக்கிறாங்க. கடலோரமா போங்கண்ணா, இருவது நிமிசத்துல போயிடலாம்" என்றாள் தஸ்னீம்.

பிறந்ததிலிருந்து அந்தச் சாலையைப் பார்த்தவள், அங்கே இருபது நிமிடத்தில் எதுவும் நடக்காது என்பதை எப்படி மறந்தாள் என்று தெரியவில்லை. காசிமேடு தாண்டியதும் வேன் நின்றது. முன்னால் ஒரு கன்டெய்னர் ட்ரெய்லர். அதற்கு முன்னால் இன்னொன்று. அதற்கு முன்னால், கண்ணுக்கு எட்டிய வரை, பச்சையும் சிவப்பும் நீலமுமாகப் பெட்டிகள். திருவொற்றியூர் பக்கத்தில் ஒரு ட்ரெய்லர் அச்சு முறிந்து சாலைக்குக் குறுக்கே படுத்துவிட்டதாம். கிரேன் வர வேண்டும். கிரேனும் இதே நெரிசலில்தான் எங்கோ நின்றுகொண்டிருந்தது.

பத்து மணி பதினொன்றாயிற்று, பதினொன்று பன்னிரண்டாயிற்று. இடதுபக்கம் பார்த்தால் லாரிகள், வலதுபக்கம் பார்த்தால் கருங்கல் தடுப்புக்கு அப்பால் கடல். எண்ணூரில் காலை உணவு ஆறிக்கொண்டிருப்பதாக நெல்சன் மூன்று முறை போன் செய்தார்.

"அங்கே அஞ்சு பேர் அச்சு முறிஞ்ச வண்டியைப் பாத்துட்டு நின்னுட்டிருப்பாங்க. நாம பதினோராம் பிரிவைப் பாத்துட்டு நிக்கிறோம். ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் ஜூடி.

கிருஷ்ணப்பனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இறங்கி, முன்னால் நின்ற ட்ரெய்லரின் பின்பக்கம் போய், கன்டெய்னர் கதவில் எழுதியிருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அச்சடித்தது எதுவானாலும் அவர் படித்துவிடுவார். கதவின் தாழ்ப்பாளில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு சீல் தொங்கியது. அதிலும் ஓர் எண். சரியாகத் தெரியவில்லை என்று அதைப் பிடித்துத் திருப்பினார்.

"யோவ் பெர்சு! சீல்ல இன்னாத்துக்குக் கைய வெக்கிற?"

குரல் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது. சக்கரங்களுக்கு நடுவே ஸ்டவ் பற்றவைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர் கலீலுல்லா, கையில் கரண்டியோடு வெளியே வந்தார். முப்பது ஆண்டு பேராசிரியர் வாழ்க்கையில் கிருஷ்ணப்பனை யாரும் 'பெர்சு' என்று கூப்பிட்டதில்லை. அவர் கையை எடுக்கவும் மறந்து நின்றார்.

தஸ்னீம் ஓடினாள். "பாய், பாய், அவரு பெரிய பேராசிரியரு. தெரியாம தொட்டுட்டாரு."

"பேராசிரியருன்னா தொட்டுப் பாக்கலாமா? இது ஒடஞ்சா எம் பொயப்பே ஒடஞ்சிடும்மா" என்றார் கலீலுல்லா. அதற்குள் கோபம் ஆறிவிட்டது. அவருக்கும் பேச ஆள் வேண்டியிருந்தது.

கிருஷ்ணப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உள்ளே என்ன இருக்கு?"

"யாருக்குத் தெரியும்?"

"தெரியாமலே எடுத்துட்டுப் போறீங்களா?"

"ஏத்துனவனுக்குத் தெரியும், எறக்கப் போறவனுக்குத் தெரியும். நடுவுல நான் இன்னாத்துக்குத் தொறந்து பாக்கணும்? கேட்டுக்கு கேட்டு தொறந்து பாத்துகினு இருந்தா ஒரு பொட்டிகூட கப்பல் ஏறாது சாரு. சீல் முழுசா கீதா, அவ்ளோதான்."

"சரி. வழியில நீங்களே உடைச்சு, வேற சீல் போட்டுட்டா?"

தஸ்னீமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மனிதரை முகத்துக்கு நேரே திருடன் என்று கேட்பதா? கலீலுல்லா சிரித்தார்.

"அங்கதான் நைனா மேட்டரே கீது. நம்பரு எங்கையில மட்டும் இருந்தா நான் மாத்திட மாட்டேனா? ஃபேக்டரிக்காரன் இதே நம்பர தனியா துறைமுகத்துக்கு அனுப்பிச்சிருப்பான். கேட்டுல என் சீலையும் அவன் அனுப்புன நம்பரையும் வெச்சிப் பாப்பாங்கோ. ரெண்டும் ஒண்ணா கீதா, போய்கினே இரு. இல்லியா, ஓரங்கட்டு."

"தனியாவா?"

"தனியா."

கிருஷ்ணப்பன் திரும்பி நடந்தார். வேனுக்கு வந்து உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினார். நெரிசலில் ஹாரன்கள் ஓய்ந்திருந்தன. சட்டென்று, யாரும் கேட்காமலே, பேச ஆரம்பித்தார்.

"ஏழு பேர். நான் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரா இருந்தப்போ, வெளியிலேருந்து வந்த ஏழு மதிப்பெண் பட்டியலைப் பாத்துச் சேத்துக்கிட்டேன். ஏழும் போலி. மாணவன் கையில கொண்டு வந்த காகிதத்தை நம்பினேன். விசாரணையில அஞ்சு மணி நேரம் நிக்க வெச்சுக் கேட்டாங்க."

"பதினாலு மாசமா இதை ஏன் சார் சொல்லலை? தரம், தரம்னே சொல்லிட்டிருந்தீங்களே" என்றார் ஜூடி.

"அவமானம்மா" என்றார் கிருஷ்ணப்பன்.

இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு அந்த மனிதரை அந்த இடத்தில்தான் பிடித்துப்போனது. தரம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எளிது. சூடுபட்டேன் என்று சொல்வதற்குத்தான் நெஞ்சு வேண்டும். பல்கலைக்கழகங்கள் ஒன்றையொன்று நம்பாததற்கு ஆயிரம் காரணம் கூட்டக் குறிப்புகளில் இருக்கும். உண்மைக் காரணம் பெரும்பாலும் இப்படி யாரோ ஒருவர் மனதில் ஆறாமல் கிடக்கும்.

தலையாட்டிக்கொண்டே இருக்கும் நிலவன்தான் முதலில் நிமிர்ந்தார். "அப்படின்னா மாணவர் ஏன் சார் காகிதத்தைச் சுமக்கணும்? படிச்ச பல்கலைக்கழகமே சீல் வெச்ச உறையில நேரா அனுப்பட்டும். உறையோட எண் தனியா மின்னஞ்சல்ல போகட்டும். ரெண்டும் பொருந்தினா மறுபடி தேர்வு எதுக்கு?"

"அதைத்தான் நான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். நீங்க முந்திக்கிட்டீங்க" என்றார் கிருஷ்ணப்பன், கொஞ்சம் வருத்தத்தோடு.

தஸ்னீமின் விரல்கள் மடிக்கணினியில் பறந்தன. ஜூடி நெல்சனை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னார். "ஒத்துக்கிட்டது யாரு? கிருஷ்ணப்பன் சாரா? அவரே சொல்லட்டும்" என்றார் நெல்சன். கிருஷ்ணப்பன் சொன்னார். "இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க" என்றார் நெல்சன். அவருக்குக் கேட்டதை மறுபடி கேட்க ஆசை.

ஒன்றரை மணிக்குக் கலீலுல்லாவின் தக்காளிச் சோறு வெந்தது. வேனில் இருப்பவர்களைப் பார்க்க வைத்துத் தின்ன அவருக்கு மனம் வரவில்லை. பக்கத்து வண்டி ஓட்டுநர் கருவாடு வறுத்துக் கொண்டு வந்தார். ட்ரெய்லர் நிழலில், சாக்கை விரித்து, மூன்று பல்கலைக்கழகங்களும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டன. இரண்டாம் முறை சோறு கேட்ட முதல் ஆள் கிருஷ்ணப்பன். தஸ்னீமுக்கு மனசு லேசாகி, கடல் காற்றும் சேர்ந்து, சிரிப்பு சிரிப்பாக வந்தது. பாதி முள் இறங்கிவிட்டது. மீதிப் பாதியும் இறங்கிவிடும் என்றே நம்பினாள்.

இறங்கவில்லை. மூன்று மணிக்கு வேனுக்குள் மறுபடி உட்கார்ந்ததும் கிருஷ்ணப்பன் சிவப்புப் பேனாவை எடுத்தார். "தேர்வை விட்டுக்கொடுத்தேன். ஐந்து ஆண்டை விட மாட்டேன். படிப்பு பழசாகும். பத்து வருஷம் கழிச்சு யார் திரும்பி வரப் போறாங்க? ஒரு ஆளைக் காட்டுங்க, பாப்போம். இல்லாத ஆளுக்கு எதுக்கு விதி?"

யாருக்கும் ஆள் தெரியவில்லை. ஸ்பீக்கரில் நெல்சன், "மணி மூணேகால். தளத்தில ஏத்தவே அரை மணி ஆகும். ஐந்துன்னே போட்டுடுங்க" என்றார். நிலவன் தலையாட்டினார். ஜூடி பெருமூச்சு விட்டு, "இந்த மட்டுக்கும் வந்தோமே. ஐந்து ஆண்டுன்னு அடிச்சிடும்மா தஸ்னீம்" என்றார்.

தஸ்னீம் அடித்தாள். 'ஐந்து ஆண்டுகளுக்குள்' என்று பிழையில்லாமல் அடித்தாள். சொன்னதை எழுதுவது அவள் வேலை. எழுதி முடித்து, அந்த இரண்டு சொற்களையும் பார்த்தாள். ரூஹியின் முகம் நினைவுக்கு வந்தது. இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கண்ணுக்கு அவள் தெரியவில்லை, அவ்வளவுதான். பதினான்கு மாதம் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தும் தெரியவில்லை. மடிக்கணினியை மெதுவாக மூடினாள்.

"ஒரு ஆளு கீது சார்" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். பேராசிரியர்களிடம் அவள் இதுவரை அச்சடித்த தமிழில்தான் பேசியிருந்தாள், அதுவும் 'சரிங்க சார்', 'ஆயிற்று மேடம்' என்ற அளவில்.

"யாரு?"

"நான்தான் சார். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. நாலு செமஸ்டர், நாலும் ஃபர்ஸ்ட் கிளாஸ். நின்னு பதினோரு வருசம் ஆவுது. இந்த ஜூன் மாசம் வுட்டா எனக்கு வேற வருசம் கெடையாது. நீங்க இப்போ அடிக்கச் சொன்ன ரெண்டு வார்த்தையில நான் மறுபடி வெளியில நிக்கிறேன்."

"தஸ்னீம்! நீ பேசக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தது நெல்சனின் குரல். ஜூடி சிரித்துக்கொண்டே ஸ்பீக்கரின் ஒலியை அணைத்தார்.

கிருஷ்ணப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். வேதியியல் என்ற சொல் காதில் விழுந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. "நைட்ரேட் உப்பை எப்படிக் கண்டுபிடிப்பே?"

"பழுப்பு வளையம் சார். உப்புக் கரைசல், புதுசா செஞ்ச ஃபெர்ரஸ் சல்பேட். அப்புறம் டியூப சாய்ச்சிப் புடிச்சி, சல்ஃப்யூரிக் ஆசிட்ட ஓரமா, மெதுவா வுடணும். ரெண்டும் சேர்ற எடத்துல வளையம் வரும். ஆட்டக் கூடாது. ஆட்டுனா வளையம் கலைஞ்சிடும்."

அவள் கை காற்றில் இல்லாத சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்திருந்தது. வேன் வாசலில் கலீலுல்லாவும் இன்னும் நான்கு ஓட்டுநர்களும் வந்து நின்றார்கள். என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் புரியவில்லை. நம்ம ஏரியாப் பெண்ணை யாரோ கேள்வி கேட்கிறார்கள், அவள் அசராமல் பதில் சொல்கிறாள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

"அப்டி போடு!" என்றார் கலீலுல்லா.

கிருஷ்ணப்பன் விடவில்லை. அமில-கார டைட்ரேஷன் கேட்டார், சொன்னாள். பென்சீன் கேட்டார், நடுவில் ஒரு வரி தடுமாறி, "இது மறந்துட்டேன் சார்" என்று நேராக ஒத்துக்கொண்டாள். அது அவருக்கு மற்ற பதில்களைவிடப் பிடித்திருந்தது.

"பாத்தியா, மறந்துபோச்சு. அதைத்தான் நான் சொல்றேன், படிப்பு கரையும்."

"கரையும் சார். கதிரியக்கத்துல அரை ஆயுள்னு உங்க யுனிவர்சிட்டிலதானே சார் பாடம் வெச்சிருந்தீங்க? பாதி கரையும். அப்புறம் அந்தப் பாதில பாதி. அதுலயும் பாதி. ஆனா எத்தினி வருசம் ஆனாலும் பூஜ்யம் மட்டும் ஆவாது. நீங்க என்னை அஞ்சாவது வருசம் பூஜ்யம்னு அடிக்கச் சொல்றீங்க."

ஜூடி கைதட்டினார். ஜூடி தட்டியதும் ஓட்டுநர்கள் தட்டினார்கள். கடைசியில் நின்றவர், ஏன் என்று கேட்டுக்கொண்டே தட்டினார்.

ஆனால் பேராசிரியர்கள் அவ்வளவு சுலபத்தில் தோற்பவர்கள் இல்லை. "இப்போ நான் கேட்டேனே, இதுதான் நான் சொன்ன மறுதேர்வு. வெச்சதாலதானே இவளுக்குத் தெரியும்னு நமக்குத் தெரிஞ்சது?" என்றார்.

அப்போதுதான் தஸ்னீம் கைப்பையைத் திறந்தாள். எட்டுக் கூட்டங்களுக்கு வந்து திரும்பிய பிளாஸ்டிக் உறை ஒன்பதாவதில் வெளியே வந்தது. "இதுல இருக்கறதத்தான் சார் இப்போ நீங்க மறுபடி கேட்டீங்க."

கிருஷ்ணப்பன் வழக்கம்போல் மேலிருந்து கீழே ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பாடம், மதிப்பெண், தேதி, முத்திரை. கடைசி வரிக்கு வந்ததும் நின்றார். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்த்தார், தன் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்தார், மறுபடி கையெழுத்தைப் பார்த்தார்.

"இது நான் போட்டது" என்றார்.

"ஆமா சார்."

"இதைக் காட்டியா உன்னைச் சேத்துக்க மாட்டேன்னாங்க?"

"உங்ககிட்டேருந்து வந்தத நம்ப மாட்டோம்னு சொன்னாங்க சார். நீங்க இவங்களுத நம்ப மாட்டீங்களாம்."

ஜூடி ஸ்பீக்கரின் ஒலியைத் திருப்பி ஏற்றினார், நெல்சனும் இதைக் கேட்கட்டும் என்று. நெல்சன் முன்பிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கிருஷ்ணப்பன் முதலில் தோள் குலுங்கினார், பிறகு வயிறு குலுங்கினார், பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பதினான்கு மாதத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "என் சீல் செல்லாமப் போக நானே காரணமா இருந்துட்டு, பதினாலு மாசம் எட்டுக் கூட்டத்துக்கு வேன் ஏறி வந்திருக்கேன்!" என்றார். "திறம்மா அந்தக் கணினியை. அந்த ரெண்டு வார்த்தையை எடு."

தஸ்னீம் திறந்தாள். கண் மங்கலாக இருந்ததால் அழிக்கும் விசையைத் தேட வேண்டியிருந்தது. பதினோராம் பிரிவு இப்படி முடிந்தது: 'படித்துத் தேறிய செமஸ்டர்கள் எத்தனை ஆண்டானாலும் செல்லும். மதிப்பெண் பட்டியலை மாணவர் சுமக்கக் கூடாது. படித்த பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையில் அனுப்ப வேண்டும். உறையின் எண் தனியே செல்ல வேண்டும். முத்திரையும் எண்ணும் சரியாக இருந்தால் மறுதேர்வு இல்லை.' கிருஷ்ணப்பன் ஒரே ஒரு காற்புள்ளியைச் சேர்த்தார். அது இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது.

கையெழுத்துப் பக்கம் தஸ்னீமின் கோப்பில் தயாராக இருந்தது. கலீலுல்லாவின் சமையல் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் வைத்து மூவரும் கையெழுத்திட்டார்கள். மூலையில் கொஞ்சம் தக்காளிக் கறை பட்டது. போனில் படமெடுத்து எண்ணூருக்கு அனுப்ப, நெல்சன் அதை அச்செடுத்து, தானும் கையெழுத்திட்டு, பரிந்துரையோடு சேர்த்துத் தளத்தில் ஏற்றினார். நாலு ஐம்பத்தொன்றுக்கு, பெறப்பட்டது என்று பதில் வந்தது. ஜெரால்ட் ஹாரன் அடித்தார். கலீலுல்லா தன் வண்டிக்கு ஓடிப்போய் அவரும் அடித்தார். காரணம் தெரியாமலே முன்னால் நின்ற வண்டிகளும் ஒவ்வொன்றாக அடிக்க, திருவொற்றியூர் வரைக்கும் கல்யாண மேளம் போனது.

"அரசாணை வர எத்தனை மாசமோ" என்று தஸ்னீம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அது வரும்போது வரட்டும். ரெண்டு பல்கலைக்கழகம் தங்களுக்குள்ளே ஒப்பந்தம் போட்டுக்க யாரைக் கேக்கணும்? நெல்சன் சார், கேக்குதா? திங்கட்கிழமை என் வரைவு வரும்" என்றார் கிருஷ்ணப்பன்.

"கேக்குது சார், நல்லாவே கேக்குது. இன்னும் பதினாலு மாசம் பேசாம இருக்கச் சொன்னாலும் இனிமே அந்தப் பொண்ணு இருக்காதுன்னும் தெரியுது" என்றார் நெல்சன்.

"மதிப்பெண் பட்டியலை இப்பவே உங்க கையில குடுத்துடட்டுமா சார்?" என்று தஸ்னீம் உறையை நீட்டினாள்.

கிருஷ்ணப்பன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நீ சுமக்கக் கூடாது. இப்போதானே கையெழுத்துப் போட்டோம்?"

ஜூன் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, தபால் பிரிவுக்கு வந்த உறைகளில் ஒன்று மற்றவற்றைவிடத் தடிமனாக இருந்தது. அனுப்புநர் இடத்தில் மூத்த பல்கலைக்கழகம். பெறுநர், பதிவாளர், கடலோரப் பல்கலைக்கழகம். மடிப்பில் அரக்கு முத்திரை, மூலையில் சிவப்பு மையில் உறை எண். அந்த எண் முந்தின நாளே நெல்சனின் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். நெல்சன் அதை எட்டு முறையாவது அவளிடம் சொல்லியிருந்தார்.

தஸ்னீம் முத்திரையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கீறல் இல்லை. பதிவேட்டில் தேதி எழுதினாள், வரிசை எண் எழுதினாள், உறை எண்ணை எழுதினாள். பொருள் என்ற கட்டத்தில், மற்ற எந்த உறைக்கும் எழுதுவது போலவே, 'மாணவர் மதிப்பெண் விவரம்' என்று எழுதினாள். இந்த முறை எழுத்து கோணவில்லை. அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிற அலுவலக உதவியாளர் ஆண்ட்ரூவைக் கூப்பிட்டாள்.

"இத பதிவாளர் ரூமுக்கு எட்த்துனு போங்கண்ணா."

ஆண்ட்ரூ எட்டிப் பார்த்தார். பதிவாளர் அறை பத்தடி தூரம். "ஏம்மா, இன்னா காலு கையா வலிக்குது? நீயே எட்த்துனு போயேன்."

"நான் தூக்கக் கூடாதுண்ணா. நான் ஸ்டூடண்ட்டு."

ஆண்ட்ரூவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உறையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தஸ்னீம் வெறுங்கையை வீசிக்கொண்டு அவர் பின்னால் போனாள்.